வாய் மட்டும் எங்கள் கடையில்

எங்கள் கடைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாய் இருக்கிறது. மனுஷ வாய். கருங்கல்லில் செதுக்கியது. தூக்கினால் அம்மிக்குழவிக் கனம் கனக்கும். உதடு இரண்டும் லேசாகப் பிரிந்து, யாரையோ எதிர்த்துப் பேச ஆரம்பித்த மாதிரி இருக்கும். ஆணியும் தாழ்ப்பாளும் வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா பாய் இது, சாமியா?" என்று அத்தாவைக் கேட்பார்கள். "சாமியெல்லாம் இல்லப்பா, பேப்பர் பறக்காம வெக்கிற கல்லு" என்பார் அத்தா.

அது என் சிநேகிதி ஒருத்தியின் வாய். அவளுடைய மிச்ச முகம் கூப்பிடு தூரத்தில், ஏரிக்குப் போகும் சந்தில், வேப்பமரத்தடியில் அம்மனாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழ விளக்கு, ஆடியில் கூழ், மைக் செட் எல்லாம் உண்டு. முகத்தையும் வாயையும் செதுக்கியது அவளேதான். நீங்கள் நம்பாவிட்டால் பரவாயில்லை, செஞ்சியிலேயே யாரும் நம்பவில்லை.

அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பயமெல்லாம் கிடையாது. சொன்னால் எங்கிருந்தாவது இதைப் படித்துவிட்டு, "அது நான் இல்லடி" என்று போன் பண்ணுவாள். அவளுக்கு அதுதான் பிழைப்பு. எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே தெரு. எங்களுக்கு இரும்புக் கடை, அவர்களுக்கு ஏரிப் பக்கம் கொஞ்சம் நிலம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பாவத்துக்கு, அந்த வாக்கியத்தை என் அளவுக்குக் கேட்டவர்கள் உலகத்தில் கிடையாது.

பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ வந்தபோது மூன்றாவது வரிசையில் ரெட்டை ஜடையும் எண்ணெய் வழியும் நெற்றியுமாகச் சாட்சாத் அவள்தான் நின்றுகொண்டிருந்தாள். பார்த்துவிட்டு, "அது நான் இல்ல" என்றாள். அப்போது அவளுக்கு வலப்பக்கம் நிற்கிற நான் யாரை இடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று கேட்டேன். அது என் பிரச்சினை என்றாள். ஆதாருக்குப் படம் பிடித்த அண்ணனிடமும் இதே கதை. கம்ப்யூட்டரில் தெரிந்த மூஞ்சியைப் பார்த்துவிட்டு அவள் வாயைத் திறக்க, அந்த மனுஷன் கடுப்பாகி, "பத்து வெரலும் நீதானம்மா வெச்ச? கண்ணையும் நீதான காட்டின? அப்ப இது யாரு, நானா?" என்று கேட்டார். பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. இவள் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் எடுங்கள் என்றாள்.

மற்றபடி அவள் யாரென்று தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. எதிர்வீட்டுப் பெரிம்மாவுக்கு அவள் வாயாடி. அவள் நைனாவுக்கு அடங்காதது. வாத்தியார்களுக்கு அதிகப்பிரசங்கி. பெரிம்மா வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டே, அவள் போகும்போதும் வரும்போதும், "ஏன்டி, நெத்தில ஒரு பொட்டு வெச்சா கொறஞ்சா போயிடுவ? மூஞ்சி வெறிச்சோன்னு கெடக்குது பாரு" என்பாள். "இது என் மூஞ்சி பெரிம்மா, வெறிச்சோன்னுதான் இருக்கும்" என்று இவள் பதில் சொல்வாள். பெரிம்மா என்னைப் பார்த்து, "பாய் ஊட்டுப் பொண்ணு நீயாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்பாள். பொட்டு விஷயத்தில் நான் என்ன யோசனை சொல்வது?

பெண் பார்க்க வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். தளவானூர்ப் பக்கத்திலிருந்து வந்தார்கள், நல்ல குடும்பம். முன்னாடியே ஸ்டூடியோ போட்டோ போயிருந்தது. ஸ்டூடியோக்காரர் புண்ணியத்தில் அதில் அவள் பால்கோவா நிறத்தில் இருந்தாள். சின்ன வயதில் அம்மை போட்டு இடது புருவத்துக்கு மேல் விழுந்த இரண்டு குழிகளையும் இலவசமாக அடைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா போட்டோவையும் இவளையும் மாறி மாறிப் பார்த்து, "போட்டோல பாக்கச் சொல்ல வேற மாதிரி இருந்துச்சு" என்று இழுத்தார். இவள் காபித் தட்டை வைத்துவிட்டு, "அது நான் இல்லங்க. அந்தப் பொண்ணுதான் வேணும்னா ஸ்டூடியோல கேட்டுப் பாருங்க" என்றாள். வந்தவர்கள் பஜ்ஜியை மட்டும் முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அன்றைக்கு அவள் நைனா போட்ட சத்தம் எங்கள் கடை ஷட்டர் வரைக்கும் கேட்டது.

இப்படிப்பட்டவள் சிற்பம் படிக்கப் போனால் உருப்படுமா? போனாள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊரில் ஒரு கலைக் கல்லூரி. "கல்லு ஒடைக்கறதுக்கு எதுக்கும்மா காலேஜி? குவாரில கைநாட்டுக்காரனே நல்லா ஒடைக்கிறான்" என்றார் நைனா. படித்து முடித்தால் கவர்மெண்ட் ஸ்கூலில் டிராயிங் மாஸ்டர் ஆகலாம் என்று யாரோ அவர் காதில் போட்டதால் சம்மதித்தார். அந்த யாரோ எங்கள் அத்தாதான். அதற்காகப் பின்னால் அவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

முதல் வருஷம் முழுக்கக் களிமண் பிசைந்தாள். உள்ளே கம்பிக் கூட்டைச் சரியாகக் கட்டாததால் அவள் செய்த முதல் தலை கழுத்தோடு கழன்று விழுந்து, மறுநாள் போய்ப் பார்த்தால் தரையில் தோசை மாவாகக் கிடந்ததாம். கல் வேலை வந்தபோது நல்ல கல்லையெல்லாம் பையன்கள் முதலிலேயே உருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சம் இருக்கும் விரிசல் விட்டது பெண்களுக்கு. "பொண்ணுங்க மண்ணோட நிறுத்திக்கலாமே, கையெல்லாம் காய்ச்சிப் போயிடும்" என்று அக்கறையாக ஒரு யோசனை வேறு. அவள் கை ஏற்கெனவே களை வெட்டிக் காய்த்த கை. லீவுக்கு வரும்போது காட்டுவாள். சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருக்கும். எங்கள் கடையில் உப்புத்தாள் வாங்குவதற்குப் பதில் அவளை அழைத்துப் போகலாம் என்று அத்தா கேலி செய்வார்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது ஒரே கேள்விதான். என்ன செய்து வைத்தாலும் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. ஆனா இதுல நீ எங்க இருக்க? உன் அடையாளம் எங்க?" என்று கேட்பார்களாம். எங்கள் கடையில் அடையாளம் கேட்டால் ஆதாரைக் காட்டுவோம், வேலை முடிந்தது. அங்கே கேட்டால் திரும்ப மண்ணைப் பிசைய வேண்டும். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் இவள் ஊர் செஞ்சி என்று கேட்டதும் பரவசமாகிவிட்டார். "ஆஹா, கோட்டை! கிராமம்! மண்! அந்தக் குதிரைகளை எல்லாம் உன் சிற்பத்துல கொண்டுவாம்மா, அதுதான் நீ" என்றாராம். "அது நான் இல்ல சார். கோட்டைக்கு ஸ்கூல் டூர்ல ஒரு தபா போனதோட சரி. எங்க ஊட்ல குதிரை கெடையாது, மொபட்டுதான்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அத்தோடு அந்தத் துறையில் அவள் பெயர் பிரசித்தமாகிவிட்டது.

மண்டகப்பட்டுக் குகைக் கோயிலுக்கு வகுப்போடு போனபோதும் சும்மா இருக்கவில்லை. பாறையைக் குடைந்த ராஜாவின் பெருமையை வாத்தியார் சொல்லி முடித்ததும், "ராஜா பேரு கல்லுல இருக்குது. உளி பிடிச்சவன் பேரு எங்க சார்?" என்று கேட்டாளாம். அது இல்லை என்றார் வாத்தியார். "அப்ப அவனை மட்டும் யாரும் அடையாளம் கேக்கலையா?" என்றாள். இந்த வாயை வைத்துக்கொண்டு அவள் கடைசி வருஷம் வரை பாஸானதே பெரிய விஷயம்.

கடைசி வருஷத்துக்கு ஒரு பெரிய வேலை செய்து காட்ட வேண்டும். அதற்கு மார்க் விழுந்தால்தான் பட்டம். அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு 'நான்'. தன் முகத்தைத் தானே கல்லில் செதுக்கப் போகிறாள். "நீங்கதான எங்க எங்கன்னு கேட்டீங்க, இந்தாங்கன்னு குடுக்கறன்" என்றாள் என்னிடம். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் கண்ணில் இருந்த ஆசையைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைக் காட்டி 'அது நான்' என்று சொல்லப் போகிறாள்.

செஞ்சியில் கல்லுக்குப் பஞ்சமா? மூன்று பக்கமும் மலை, திரும்பின இடமெல்லாம் பாறை. ஆனால் கோட்டைக் கல்லில் கை வைத்தால் கேஸ். குவாரிக் கல்லை இறக்க லாரி வேண்டும். அவர்கள் நிலத்து மூலையில், ஏரிக்குப் போகும் சந்து ஓரமாக, ஆள் உயரத்துக்கு ஒரு பாறை வேப்பமரத்தடியில் கிடந்தது. அதில் சாய்த்துத்தான் அவள் நைனா மல்லாட்டை மூட்டைகளை அடுக்குவார். வேர்க்கடலைக்கு எங்களூர்ப் பெயர் அது. பாறையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அதனால் அங்கேயே செதுக்குகிறேன், நீங்கள் வந்து பாருங்கள் என்று கல்லூரியில் அனுமதி வாங்கிவிட்டாள்.

கோடையில், பரீட்சைக்கு முன்னால் விட்ட லீவில் வேலை தொடங்கியது. கரண்ட் எங்கள் குடோனிலிருந்து, கிரைண்டர் எங்கள் கடையிலிருந்து. கல் அறுக்கும்போது தூசி பறக்காமல் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் வேண்டும். அது நான். எங்கள் அம்மாவுக்குச் சங்கடம். உருவம் செய்கிற வேலையில் நாம் கை வைக்கலாமா என்று அத்தாவிடம் கேட்டாள். அத்தா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "செதுக்கறது அது. தண்ணி ஊத்தறதுதான இது? கல்லு சூடாவுது, ஊத்தட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். அதனால் தினமும் சாயங்காலம் நான் ரப்பர் பைப்பைப் பிடித்துக்கொண்டு பாறையின் தலையில் தண்ணீர் ஊற்றினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் மானம் போகும்.

அவள் ஒரு தப்புச் செய்தாள். முதலில் மொத்த உருவத்தைக் கொண்டுவர வேண்டும், கண் கடைசியில்தான் என்று போனில் வாத்தியார் தலைபாடாக அடித்துக்கொண்டார். கல் வேலை செய்கிற எவனும் அப்படித்தான் செய்வான். இவள் கண்ணில் ஆரம்பித்தாள். "ஆள் யாருன்னு பாக்கறவங்க மொதல்ல கண்ணத்தான் பாக்கறாங்க" என்பது அவள் கட்சி. நைனாவின் ஷேவிங் கண்ணாடியை வேப்பங்கிளையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, அதைப் பார்ப்பாள், கல்லைப் பார்ப்பாள், "அது நான் இல்ல" என்பாள், மறுபடி தட்டுவாள். வலது கண்ணை விட இடது கண் துளி சின்னது அவளுக்கு. அது அப்படியே வந்தது. புருவத்துக்கு மேலே அந்த இரண்டு அம்மைக் குழியையும் விடாமல் வைத்தாள். நெற்றி வந்தது, மூக்கு முக்கால்வாசி வந்தது. கீழே பாறை பாறையாகவே இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் பின்னால் தள்ளிப் போய் நின்று பார்த்துவிட்டு உளியைக் கீழே வைத்தாள். "வரேன்டின்னு சொல்லுது. வாய் மட்டும் வெச்சிட்டன்னா நான்தான்" என்றாள். எனக்கும் மயிர் கூச்செறிந்தது, பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் எழுத்துப் பரீட்சைக்காகக் கல்லூரிக்குப் போனாள். அன்றைக்கே செஞ்சியில் கோடைமழை கொட்டித் தீர்த்தது. மழைக்கு ஒதுங்க வேப்பமரத்தடிக்கு ஓடிய பெரிம்மா, பாறை தன்னை முறைத்துப் பார்ப்பதைக் கண்டாள்.

அவள் திரும்பி வந்தபோது பாறைக்கு மஞ்சள் பூசி, சிவப்புப் பாவாடை கட்டி, நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். சுற்றிலும் எலுமிச்சம்பழம். பஸ் ஸ்டாண்டிலிருந்து பையோடு நேரே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா பெரிம்மா இது?"

"செருப்பக் கழட்டுடி மொதல்ல. ஆத்தா கண்ணத் தொறந்துட்டா."

"ஐயோ பெரிம்மா, அது நான். நான்தான் செதுக்கினன். என் மூஞ்சி அது."

பெரிம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அப்டியெல்லாம் சொல்லாத, வாய் வெந்துடும். ஆத்தா மூஞ்சி எவ்ளோ சாந்தமா இருக்குது, உன் மூஞ்சியப் பாரு."

அவள் தன் புருவத்தில் ஒரு விரலும் கல்லின் புருவத்தில் ஒரு விரலும் வைத்துக் காட்டினாள். "இதோ பாரு, எனக்கு அம்மை போட்ட குழி. அங்கயும் இருக்குது, எண்ணிப் பாத்துக்க."

"அதான்டி நானும் சொல்றன்! முத்துப் போட்ட மொகம். மாரியாத்தாவேதான்."

அவள் என்னைச் சாட்சிக்கு இழுத்தாள். நான் கூடவே இருந்தேன், நான் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பெரிம்மா என்னை விடவில்லை. "உனக்கு இன்னாம்மா தெரியும், நீ கொழந்த. நீ தெனமும் தண்ணி ஊத்தல? பாய் ஊட்டுப் பொண்ணு கையாலயே ஆத்தா அபிஷேகம் வாங்கிக்கினா பாரு!" கூட்டம் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் அம்மா என்னோடு பேசவில்லை. அத்தா மட்டும் தன் தீர்ப்பை நினைத்து நினைத்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார்.

பொட்டு வைக்கவில்லை என்று இவளை ஓட ஓட விரட்டிய அதே பெண்கள் கல்லுக்கு வேளாவேளைக்குப் பொட்டு வைத்தார்கள். கல்லு உடைக்கவா படிக்க வைத்தேன் என்று கத்திய நைனா இடத்தைக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்து தர்மகர்த்தா ஆனார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை அப்போதுதான் அவர் உடம்பில் பார்த்தேன். அவள் அம்மாவுக்கு மட்டும் தெரியும். யாரும் இல்லாத நேரத்தில் கல்லைச் சுற்றி வந்து திருஷ்டி கழித்ததை நானே பார்த்தேன். எந்த ஊரில் சாமிக்குத் திருஷ்டி கழிப்பார்கள்? மகள் அழுதபோது, "எனக்குத் தெரியாதாடி உன் கண்ணு? கும்புட்டா கும்புட்டுப் போறாங்க, வுடு. இந்த ஊர்ல உன்ன வேற எப்டி மதிப்பாங்க?" என்றார்.

பரீட்சை பார்க்க ஆட்கள் வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வாய் வைத்தாக வேண்டும். கண் திறந்த சிலை மேல் உளி படக் கூடாது என்பது தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சட்டம். கண்ணைக் கடைசியில் வைத்திருந்தால் இந்தச் சட்டம் அவளை ஒன்றும் செய்திருக்காது. ஒரு செவ்வாய்க்கிழமை, வருவது வரட்டும் என்று உளியும் சுத்தியுமாகப் போனாள். நான் பைப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கூடப் போனேன். பெண்கள் கல்லைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நடுவில் பெரிம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. முடியை அவிழ்த்துவிட்டு ஆடினாள்.

"என் மேல உளி வெக்காதடீ!"

கையில் உளியோடு இவள் சாமியோடும் பேச்சுவார்த்தைக்குப் போனாள். "ஆத்தா, நான் உன்ன ஒண்ணும் பண்ணல. உனக்கு ஒரு வாய் வெச்சிட்டுப் போயிடறன்."

"எனக்கு வாய் வேணான்டீ! உன் வாயே இந்த ஊருக்குப் போதும்!"

சாமியே சொன்ன பிறகு மேல்முறையீடு ஏது? உளியைத் துணியில் சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் குடோனில் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். வாய் இல்லாத அவளை ஊரே கும்பிட்டது. வாய் உள்ளவளுக்கு ஆறுதல் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன்.

பரீட்சை பார்க்க மூன்று பேர் காரில் வந்தார்கள். மரத்தடிக்கு வருமுன்பே பெண்கள் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார்கள். பாவாடைக்கும் மாலைக்கும் நடுவில் குங்குமம் வழியும் இரண்டு கண் தெரிந்தது. "இதுதான் நான்" என்றாள் அவள். மூவரும் கல்லைப் பார்த்தார்கள், கூட்டத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூவரில் மூத்தவரான பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பிரமாதம்மா! கலைஞரோட அடையாளத்தைச் சமூகம் எடுத்துக்கிட்டு அதுவே முடிச்சு வச்சிருக்கு. இப்படியே கான்செப்டா எழுதிக் குடுத்துடு, முழு மார்க் போட்டுடலாம்."

எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு கையெழுத்து, பட்டம் கைக்கு வந்துவிடும். மகராசி வாயைத் திறந்தாள்.

"அது நான் இல்ல சார். மஞ்சளும் பாவாடையும் அவங்க பண்ணது. நான் பண்ணது அடியில இருக்குது, இன்னும் முடியல. துணிய எடுத்துப் பாத்துட்டு எவ்ளோ வருதோ அவ்ளோ போடுங்க."

துணியை எடுப்பதா? பெரியவர் பெண்களைப் பார்த்தார். பெண்கள் பெரியவரைப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் வேறு ஏதாவது செய்து காட்டு என்று சொல்லிவிட்டு, பிரசாதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "லூசாடி நீ? குடுத்தா வாங்கிக்கினு போவ வேண்டியதுதான?" என்று கத்தினேன். "பொய் சொல்லி பாஸாவணும்னா நானும் உன்னாட்டம் பி.காமே படிச்சிருப்பன்டி" என்றாள். நான் பொய் சொல்லிப் பாஸாகவில்லை. இருந்தாலும் அந்த நேரத்தில் அதையும் கேட்டுக்கொண்டேன்.

ஒரு வருஷம் போயிற்று. அந்த வருஷம் அவள் செய்ததுதான் இந்த வாய். எங்கள் குடோனில், கதவைச் சாத்திக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் செதுக்கினாள். கண்ணாடி பார்க்கவேயில்லை. 'மிச்சம்' என்று தலைப்பு வைத்தாள், பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினாள், பாஸானாள். திரும்பக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "எங்க ஊட்ல வெச்சா இதுக்கும் மஞ்சள் பூசிடுவாங்க. பாய் ஊடுதான் பத்திரம்" என்றாள். எங்கள் அம்மா அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். அத்தா, "வாய் மட்டும்தான, ஆளா இருக்குது?" என்று இன்னொரு தீர்ப்புச் சொல்லிக் கடைக்கு எடுத்துப் போனார்.

டிராயிங் மாஸ்டர் வேலை வரவில்லை. அவள் பெங்களூருக்குப் போனாள். துணிக்கடைகளில் சேலை கட்டி நிறுத்துகிற பொம்மை செய்யும் இடத்தில் வேலை. இப்போதெல்லாம் பொம்மைக்கு முகமே வைப்பதில்லையாம், வெறும் வழவழப்பான முட்டைதானாம். "நிம்மதிடி. இது யாருன்னு ஒருத்தனும் கேக்கறதில்ல" என்று போனில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

போன ஆடியில்தான் வந்தாள். முடியை ஒட்ட வெட்டி, ஜீன்ஸ் போட்டு, ஆளே மாறியிருந்தாள். கோயிலுக்குப் போகலாம் என்று அவளாகவே கூப்பிட்டாள். இப்போது அங்கே தகரக் கூரை, கிரில் கேட் எல்லாம் இருக்கிறது. தொண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புதுப் பூசாரி. அம்மனுக்கு யாரோ வெள்ளி முகம் சாத்தியிருந்தார்கள். கண்ணும் வெள்ளி, மூக்கும் வெள்ளி. கீழே நகைக்கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு சிரிக்கிற வாய் வைத்திருந்தார்.

நான் வாசலில் செருப்புக்குக் காவல் நின்றேன். கேட் ஓரமாகப் பெரிம்மா உட்கார்ந்திருந்தாள். கண்ணில் புரை விழுந்து, ஆளைக் குரலில்தான் தெரிகிறது அவளுக்கு. என் சலாமைக் கேட்டதும், "மொத அபிஷேகம் பண்ண பொண்ணு வந்திருக்குது, வழி வுடுங்க" என்று கூவி என் மானத்தை வாங்கினாள். உள்ளே பூசாரி இவளைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, அம்மன மறைக்குது" என்றார்.

தள்ளி நின்றாள். பிறகு மெதுவாக, வெள்ளி முகத்தை எடுத்துக் காட்ட முடியுமா என்று கேட்டாள். அபிஷேகத்துக்குக் கொடுத்தால்தான் எடுப்போம் என்றார் பூசாரி. கொடுத்தாள். அவர் வெள்ளியைக் கழற்றி வைத்துவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். மஞ்சள் கரைந்து ஓடியது. வலது கண் வந்தது, துளி சின்னதாக இடது கண் வந்தது, புருவத்துக்கு மேல் இரண்டு குழியும் வந்தன. கீழே உளி படாத வெறும் பாறை. கல்லும் அவளுமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரும் செதுக்கலம்மா இத. சுயம்பு. தானா வந்தது" என்று பூசாரி தல வரலாறு சொன்னார். இப்போது வாயைத் திறப்பாள், சண்டை வரும், பெரிம்மாவுக்குச் சாமி வரும் என்று செருப்புகளைக் கையில் எடுத்துத் தயாரானேன்.

"ஆமாங்க" என்றாள் அவள். "தானாதான் வந்துச்சு."

பூசாரி தட்டை எடுத்தார். "அர்ச்சனை யார் பேருக்கும்மா? பேரு, நட்சத்திரம் சொல்லு."

"சாமி பேருக்கே பண்ணுங்க."

கற்பூரம் காட்டி முடிகிற வரைக்கும் அவள் அசையவில்லை. வெளியே வந்து செருப்புப் போடும்போது பெரிம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "யாரு பெத்த பொண்ணும்மா அது? எவ்ளோ அடக்கம் பாரு! நம்ம தெருவுலயும்தான் ஒருத்தி இருந்தாளே, ஆத்தாவயே எதுத்துப் பேசினவ."

அவள் திரும்பி, உள்ளே பேசின அதே தணிந்த குரலில் சொன்னாள். "அது நான்தான் பெரிம்மா."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனுஷி அவளைப் பற்றிச் சொன்னதை அவள் ஒத்துக்கொண்டாள். பெரிம்மா புரை விழுந்த கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

"போம்மா, வெளாடாத. அவ இவ்ளோ நேரம் வாய மூடிக்கினு நிப்பாளா?"

அவள் சிரித்துவிட்டாள். போனில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. பத்தாம் வகுப்பில் பெஞ்சு ஆட ஆடச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. தகரக் கூரை அதிர்ந்தது. உள்ளே பூசாரி மணியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பெரிம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கையை நீட்டிக் காற்றில் துழாவி, அவள் கன்னத்தைப் பிடித்து, மேலே போய், அந்த இரண்டு குழியையும் கட்டைவிரலால் தடவினாள். பிறகு நெற்றி நடுவில் தடவினாள்.

"அடிப்பாவி, நீதானாடி! இன்னும் பொட்டு வெக்காமதான் திரியிறியா?"